இருபத்தஞ்சுக்குள்ள நரையா? இளநரை பற்றிய கதைகளும் நிஜக் காரணங்களும்

(இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக, பேச்சை அங்கங்கே சுருக்கிச் சீர் செய்திருக்கிறோம்.)

 

சென்னையிலிருந்து இ.சி.ஆர்ல தெற்கே போனா, கோவளம் தாண்டினதும் திருவிடந்தை வரும். அங்க இருக்கிற நித்யகல்யாணப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்கள்ல ஒண்ணு. தலபுராணம் என்ன சொல்லுதுன்னா, ஒரு முனிவருக்கு 360 பெண்கள். பெருமாள் நாளைக்கு ஒருத்தரா வருஷம் முழுக்கக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். அதனாலதான் 'நித்யகல்யாணம்'. கல்யாணம் தள்ளிப்போறவங்க இங்க வந்து, அர்ச்சனை பண்ணின மாலையைக் கழுத்துல போட்டுக்கிட்டு ஒன்பது சுத்து சுத்துவாங்க. அந்த மாலையை வீட்ல பத்திரமா வெச்சிருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியா எடுத்துட்டு வருவாங்க.

அந்த மாதிரி வேண்டிக்க வர்றவங்கள்ல நிறையப் பேர் இருபதுகளின் கடைசியில, இல்லேன்னா முப்பதுகளின் ஆரம்பத்துல இருக்கிறவங்க. முதல் நரைமுடி கண்ணாடியில தெரிய ஆரம்பிக்கிறதும் பல பேருக்கு அதே வயசுலதான். பெண் பார்க்க, மாப்பிள்ளை பார்க்க நாள் குறிச்சதும் வீட்ல யாராவது ஒருத்தர் சொல்வாங்க: "முதல்ல அந்தத் தலைக்கு ஏதாவது பண்ணு."

இன்னைக்கு நம்ம எபிசோட் அந்த 'ஏதாவது' பற்றித்தான். இளநரை ஏன் வருது, எது கதை, எது நிஜம், எதுக்குக் கவலைப்படணும், எதுக்கு வேண்டாம். முடிவை முன்னாடியே சொல்லிடறேன். நரைமுடி யாருக்கும் ஒரு கெடுதலும் பண்றதில்ல. அதை அவசர அவசரமா மறைக்கப் போறப்பதான் சில பேர் ஆஸ்பத்திரி வரைக்கும் போறாங்க.

எதுக்குப் பேர் இளநரை?

நரை எல்லாருக்கும் வரும். எந்த வயசுல வந்தா 'சீக்கிரம்'னு சொல்லலாம்? தோல் மருத்துவர்கள் பொதுவா வெச்சிருக்கிற கணக்கு இது: வெள்ளையர்களுக்கு 20 வயசுக்கு முன்னாடி, ஆசியர்களுக்கு 25க்கு முன்னாடி, ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு 30க்கு முன்னாடி வந்தா இளநரை.

ஆக, 29 வயசுல காதோரம் நாலு முடி வெளுத்திருந்தா, மருத்துவக் கணக்குப்படி அது இளநரையே கிடையாது. சாதாரண நரை. நாமதான் அதைப் பெரிய விஷயமா பார்க்குறோம். 17 வயசுல, காலேஜ் சேர்ற நேரத்துல, தலையில நிறைய வெள்ளை முடி இருந்தா அது இளநரை.

முடிக்கு நிறம் எங்கிருந்து வருது?

இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி கட்டுக்கதைகள் தானாவே உதிர்ந்துடும்.

தலையில ஏறத்தாழ ஒரு லட்சம் முடி இருக்கு. ஒவ்வொரு முடியும் தோலுக்குள்ள சில மில்லிமீட்டர் ஆழத்துல இருக்கிற ஒரு சின்னப் பைக்குள்ள இருந்து வளருது. அதுதான் முடிக்கால். அந்தப் பையோட அடியில மெலனோசைட்னு ஒரு வகை செல் இருக்கு. அதோட வேலை மெலனின்கிற நிறமியைத் தயாரிச்சு, வளர்ற முடிக்குள்ள அனுப்புறது. நம்ம ஊர்க் கருப்பு முடியில அந்த நிறமி ரொம்ப அடர்த்தியா இருக்கும்.

ஒரு முடி சில வருஷம் வளரும், அப்புறம் ஓய்வெடுக்கும், அப்புறம் உதிரும். அதே பையில புது முடி முளைக்கும். ஒவ்வொரு புதுச் சுற்றுக்கும் புது மெலனோசைட்டுகள் வேணும். அதுக்காகப் பையோட மேல்பக்கத்துல கொஞ்சம் ஸ்டெம் செல்கள் சேமிப்புல இருக்கும். அந்தச் சேமிப்பு தீர்ந்தாலோ, இருக்கிற செல்கள் வேலைக்கு இறங்காம நின்னுட்டாலோ, அடுத்து முளைக்கிற முடிக்கு நிறம் கிடைக்காது. அதுதான் நரை.

இங்க ரெண்டு விஷயத்தை மனசுல வெச்சுக்கங்க. ஒண்ணு, தோலுக்கு வெளியே வந்துட்ட முடி உயிரில்லாத நார். அதுக்கு உள்ளேயிருந்து இனி யாராலும் நிறம் ஏத்த முடியாது. எது மாறினாலும் வேர்ப் பக்கம் புதுசா வளர்ற இடத்துலதான் தெரியும். ரெண்டு, முடி மாசத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். "பதினஞ்சு நாள்ல நரை மாயம்"னு ஒரு விளம்பரம் சொன்னா, அந்த நாள்ல வளர்றது அரை சென்டிமீட்டர். மீதி எப்படிக் கருப்பாச்சு? மேல பூசினதால. அதாவது அது சாயம். பாட்டில்ல என்ன பேர் போட்டிருந்தாலும் சரி.

கதை ஒண்ணு: ஒரு நரையைப் பிடுங்கினா பத்து முளைக்கும்

முளைக்காது. ஒரு முடிக்காலுக்கும் பக்கத்து முடிக்காலுக்கும் அப்படி ஒரு ஒப்பந்தமும் கிடையாது. பிடுங்கின இடத்துல அதே பையிலிருந்து திரும்ப ஒரு முடி வரும், பெரும்பாலும் வெள்ளையாவே. இந்தக் கதை ஏன் நம்பும்படியா இருக்குன்னா, முதல் முடியைப் பிடுங்கின மாசங்கள்லயே மத்த முடிகளும் அதுபாட்டுக்கு நரைச்சிட்டு இருக்கும். நாம ரெண்டையும் முடிச்சுப் போட்டுடறோம்.

அதுக்காகப் பிடுங்கிட்டே இருக்கலாம்னு அர்த்தமில்ல. திரும்பத் திரும்பப் பிடுங்கினா முடிக்கால் புண்ணாகும், கொப்புளம் வரும், சில சமயம் அங்க முடியே வராம போகும். கண்ணை உறுத்துதுன்னா கத்தரிக்கோலால அடியோட வெட்டிவிடுங்க.

கதை ரெண்டு: உப்புத் தண்ணி, ஷாம்பூ, ஹெல்மெட்

கடலோரத்துல குடியிருக்கிறவங்க, இ.சி.ஆர், ஓ.எம்.ஆர் அபார்ட்மென்ட்ல போர் தண்ணியில குளிக்கிறவங்க எல்லாரும் சொல்ற புகார் இது. "இங்க குடிவந்த பிறகுதான் முடி நரைச்சுது."

உப்புத் தண்ணி முடியைச் சொரசொரப்பாக்கும். சிக்கு விழும், நுனி பிளக்கும், முடி உடையும். அது நிஜம். ஆனா நிறம் தயாராகுற இடம் தோலுக்குக் கீழே இருக்கு. குளிக்கிற தண்ணி அங்க போறதில்ல. ஷாம்பூவும் அப்படித்தான். ஹெல்மெட் போட்டா வேர்க்கும், அரிக்கும், பொடுகு கூடலாம், நரைக்காது. இதைக் காரணம் சொல்லி ஹெல்மெட்டைக் கழட்டி வைக்காதீங்க.

இதுல ஒரு சின்னக் குழப்பம் இருக்கு. கோவளம், மாமல்லபுரம் பக்கம் அலைச்சறுக்கு விளையாடுற பசங்க, கடல்லயே கிடக்கிறவங்க தலையைப் பார்த்தா முடி செம்பட்டையா இருக்கும். அது நரை இல்ல. வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர், வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிற முடியில உள்ள மெலனினைச் சிதைக்குது. உப்பும் ஈரமும் சேர்ந்துக்குது. கண்டுபிடிக்கிறது ஈஸி: வேர்ப் பக்கம் கருப்பு, நுனிப் பக்கம் செம்பட்டைன்னா அது வெயில். வேர்லயே வெள்ளைன்னா நரை.

கதை மூணு: எண்ணெய் வைக்காததால வந்தது

அம்மா, பாட்டி எல்லாரும் முதல்ல சொல்றது இதுதான். கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, நெல்லிக்காய் போட்டுக் காய்ச்சின எண்ணெய் நம்ம வீட்டு வழக்கம். அதைக் கிண்டல் பண்ண எனக்கு ஆசையில்ல. எண்ணெய் முடியை வழவழப்பாக்கும், உடையறதைக் குறைக்கும், லேசா கருமையா காட்டும். அந்த அளவுக்கு அது நல்லது. ஆனா இந்த எண்ணெய்களைத் தேய்ச்சு நின்னுபோன நிற உற்பத்தி திரும்ப ஆரம்பிச்சதுக்கு, மனுஷங்க மேல நடத்தின உறுதியான ஆதாரம் இல்ல. பாட்டிக்கு அறுபது வயசு வரைக்கும் நரைக்கலேன்னா, அதுல எண்ணெயைவிடப் பாட்டியோட மரபணுவுக்குப் பங்கு அதிகம். அப்படின்னா அதுல கொஞ்சம் உங்களுக்கும் வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம்.

'பித்த நரை'ங்கிற வார்த்தையும் இங்கதான் வருது. சித்த மருத்துவம் உடம்பை வாதம், பித்தம், கபம்னு மூணா வெச்சுப் பார்க்கும். இளநரையைப் பித்தம் கூடினதோட சேர்க்கும். அது ஒரு தனி மருத்துவ முறையோட மொழி. அந்த முறையில சிகிச்சை எடுக்கணும்னா, தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு, படிச்ச மருத்துவர்கள் இருக்காங்க. அங்க போங்க. யூடியூப்ல யாரோ சொன்ன பஸ்பத்தையும் செந்தூரத்தையும் வாங்கிச் சாப்பிடாதீங்க. உலோகம் சேர்ந்த மருந்தைச் சரியா செய்யலேன்னா அடி விழறது கிட்னிக்கு.

கதை நாலு: கவலைப்பட்டா ஒரே ராத்திரியில நரைச்சிடும்

இதுல பாதி கதை, பாதி நிஜம். அதனால கொஞ்சம் நிதானமா பார்க்கலாம்.

பிரெஞ்சுப் புரட்சியில தலை வெட்டப்படுறதுக்கு முந்தின ராத்திரி, அரசி மேரி அன்டோனெட்டோட முடி முழுக்க வெளுத்துப்போச்சுன்னு ஒரு பழங்கதை உண்டு. வெளியே வந்துட்ட முடி ராத்திரியோட ராத்திரியா வெளுக்க வழியில்லேன்னு மேலே பார்த்தோம். ஆனா ஒரு விஷயம் நடக்கலாம். உடம்போட எதிர்ப்பு சக்தியே முடிக்காலைத் தாக்குற ஒரு நோய் இருக்கு, புழுவெட்டு. அது தலை முழுக்கப் பரவலா வந்தா, நிறமுள்ள முடிகள் முதல்ல கொத்துக் கொத்தா உதிரலாம். ஏற்கெனவே கலந்திருந்த வெள்ளை முடி மட்டும் மிஞ்சும். பார்க்கிறவங்களுக்கு 'திடீர்னு நரைச்ச' மாதிரி இருக்கும்.

நம்ம பக்கத்துலயும் ஒரு பழைய சாட்சி இருக்கு. சங்கப் புலவர் பிசிராந்தையார். பாண்டிய நாட்டுக்காரர். புறநானூற்றுல அவர் பேர்ல ஒரு பாட்டு இருக்கு. வயசாகியும் உங்களுக்கு ஏன் நரைக்கலேன்னு கேட்டவங்களுக்கு அவர் சொன்ன பதில் அது. மனைவி, மக்கள் நல்லவங்க. கூட வேலை செய்யறவங்க என் மனசறிஞ்சு நடக்கிறாங்க. ராஜா அநியாயம் பண்றதில்ல. ஊர்ல அடக்கமான சான்றோர் நிறையப் பேர் இருக்காங்க. அதாவது வீட்ல நிம்மதி, வேலையிடத்துல நிம்மதி, அரசாங்கத்தால தொல்லையில்ல, அக்கம்பக்கமும் சரி. இந்தக் காலத்துல இந்த நாலும் ஒருத்தருக்குச் சேர்ந்து அமைஞ்சா, நரையைப் பற்றி அவர் யோசிக்கவே மாட்டார்.

ஏறத்தாழ ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி சொன்ன அந்த யோசனையில விஷயம் இருக்கான்னா, இருக்கு. 2020ல ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழ்ல ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. கருப்பு எலிகளுக்கு வலியும் நெருக்கடியும் கொடுத்தப்ப, நரம்பு நுனியிலிருந்து நோர்அட்ரினலின்கிற ரசாயனம் சுரந்து, முடிக்கால்ல சேமிப்புல இருந்த நிற ஸ்டெம் செல்களை ஒரே நேரத்துல உசுப்பிவிட்டுடுச்சு. கையிருப்பு மொத்தமும் காலி. அடுத்து வந்த முடி வெள்ளை.

அது எலி. மனுஷன்? 2021ல கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவங்க 14 பேரோட முடியை ஒவ்வொண்ணா எடுத்து, மரத்தோட வளையத்தைப் படிக்கிற மாதிரி வேர்லருந்து நுனி வரைக்கும் நிறத்தை அளந்தாங்க. எந்த வாரம் மனசு எப்படி இருந்துச்சுன்னு அவங்கவங்க குறிச்சதோட ஒப்பிட்டாங்க. சில முடிகள்ல நெருக்கடியான காலத்துல வளர்ந்த பகுதி வெள்ளை. அப்புறம் வளர்ந்தது திரும்பக் கருப்பு. ஒருத்தர் விடுமுறைக்குப் போயிருந்த நாட்கள்ல அவரோட அஞ்சு முடி நிறம் திரும்பியிருந்துச்சு.

அஞ்சு முடி. தலையில ஒரு லட்சம் இருக்குன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா? நரைக்கலாமா வேண்டாமான்னு விளிம்புல நிக்கிற சில முடிகளை மன அழுத்தம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளலாம். அவ்வளவுதான் இதுவரைக்கும் தெரியறது. பல வருஷமா வெள்ளையா இருக்கிற தலையை மெடிட்டேஷன் கருப்பாக்காது. அதனால "ரொம்ப யோசிக்கிற, அதான் நரைக்குது"ன்னு ஒருத்தரைக் குத்தம் சொல்றதுல நியாயம் இல்ல. சொன்னா அவங்களுக்கு யோசனைதான் இன்னும் கூடும்.

சரி, நிஜக் காரணம் என்ன?

முதல் காரணம், பெரிய காரணம்: பரம்பரை. "எனக்கு ஏன் இப்படி?"ன்னு கூகுள்ல தேடறதுக்கு முன்னாடி வீட்டு ஆல்பத்தை எடுங்க. அப்பா, அம்மா, மாமா, சித்தி, அத்தை எல்லாருக்கும் எந்த வயசுல முதல் நரை வந்துச்சுன்னு கேளுங்க. நிறைய வீடுகள்ல பதில் அங்கேயே இருக்கும். 2016ல லத்தீன் அமெரிக்காவுல ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவங்களை வெச்சு நடந்த ஆய்வுல, நரையோட தொடர்புள்ள ஒரு மரபணுவை அடையாளம் கண்டாங்க. அதோட பேர் ஐ.ஆர்.எஃப்.4. மெலனின் உற்பத்தியில அதுக்குப் பங்கு இருக்குன்னு முன்னாடியே தெரியும். அது ஒண்ணு மட்டும்தான் எல்லாத்தையும் தீர்மானிக்குதுன்னு இல்ல. இன்னும் பல மரபணுக்கள் சேர்ந்துதான்.

முடிக்குள்ள நடக்கிற வேதியியலும் கொஞ்சம் தெரியும். நம்ம செல்கள்ல ஹைட்ரஜன் பெராக்சைடு துளித்துளியா உருவாகிட்டே இருக்கும். பார்லர்ல ப்ளீச் பண்ண உபயோகிக்கிற அதே பொருள்தான். அதைச் சிதைக்கிற கேட்டலேஸ்கிற என்சைம் வயசோட குறையும்போது, பெராக்சைடு தங்கிடும். 2009ல வெளியான ஒரு ஆய்வு, நரைமுடியில இது தேங்கி நிற நிறமி உருவாகுறதைத் தடுக்குதுன்னு காட்டுச்சு. சுருக்கமா, முடி உள்ளேயிருந்தே ப்ளீச் ஆகுது.

இதுல நம்ம கையில இருக்கிறது ஒண்ணு உண்டு: சிகரெட். புகைக்கிறவங்களுக்கு இளநரை வர்ற வாய்ப்பு ஏறத்தாழ ரெண்டரை மடங்குன்னு ஜோர்டான் நாட்டுல நடந்த ஒரு ஆய்வு 2013ல சொல்லுச்சு. சிகரெட்டை விட்டா நரைச்ச முடி திரும்பக் கருக்குமான்னு அந்த ஆய்வு பார்க்கல. ஆனா சிகரெட்டை விடறதுக்கு வேற ஆயிரம் காரணம் இருக்கு, இதையும் சேர்த்துக்கங்க.

அப்புறம் வர்றது, டெஸ்ட் பண்ணிக் கண்டுபிடிக்கக்கூடிய சில காரணங்கள்.

வைட்டமின் பி12 குறைவு. பி12 மீன், முட்டை, இறைச்சி, பால், தயிர்ல கிடைக்கும், காய்கறியில கிடையாது. சுத்த சைவமா இருந்து பாலும் தயிரும் கம்மியா எடுத்துக்கறவங்க, சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை பல வருஷமா போடறவங்க, வயித்துல இருந்து அந்த வைட்டமினை உறிஞ்ச முடியாத நோய் உள்ளவங்க, இவங்களுக்கெல்லாம் குறையலாம். இதுல நரையைவிட முக்கியம் நரம்பு. கால் மரத்துப்போறது, நடக்கும்போது தடுமாற்றம், நாக்குல எரிச்சல், காரணமில்லாத களைப்பு இருந்தா தள்ளிப்போடாதீங்க.

தைராய்டு. களைப்பு, எடை கூடறது, மாதவிடாய் முறை தவறுறது, முடி கொத்தா கொட்டறது இதோட நரையும்னா டி.எஸ்.ஹெச். டெஸ்ட் பார்க்கிறது நல்லது.

இரும்புச்சத்துக் குறைவு, வைட்டமின் டி குறைவு. இளநரை உள்ளவங்ககிட்ட இது அதிகமா இருக்கிறதா இந்திய ஆய்வுகள் சில காட்டியிருக்கு. இது தொடர்புதான், இதுதான் காரணம்னு நிரூபணம் ஆகல. குறைவு இருந்தா எப்படியும் சரி பண்ணத்தான் வேணும்.

வெண்புள்ளி, புழுவெட்டு மாதிரி, உடம்போட எதிர்ப்பு சக்தி தன்னையே தாக்குற நோய்கள். தோல்லயும் வெள்ளைத் திட்டு இருந்தாலோ, ஒரே இடத்துல மட்டும் கொத்தா வெளுத்தாலோ டாக்டர்கிட்ட காட்டுங்க.

"இளநரை வந்தா ஹார்ட் அட்டாக்"னு ஒரு தலைப்பும் அடிக்கடி வாட்ஸ்அப்ல வரும். அதோட மூலம் அகமதாபாத்துல உள்ள ஒரு இதய மருத்துவமனையில 40 வயசுக்குக் கீழ் உள்ள ஆண்களை வெச்சு நடந்த ஆய்வு, 2017ல வெளிவந்தது. இதய ரத்தக்குழாய் நோய் இருந்தவங்கள்ல பாதிப் பேருக்கு இளநரை. நோய் இல்லாதவங்கள்ல ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு. அந்த ரெண்டாவது எண்ணையும் பாருங்க. இதயம் நல்லா இருந்தவங்கள்லயும் பத்துல மூணு பேருக்கு இளநரை. நரை இதயத்தைக் கெடுக்கிறதில்ல. நரை வந்த சாக்குல பி.பி., சுகர், கொழுப்பு ஒரு தடவை பார்த்துக்கிட்டா நஷ்டம் ஒண்ணும் இல்ல.

டாக்டர்கிட்ட போகணுமா?

குடும்பத்துல எல்லாருக்கும் சீக்கிரம் நரைச்சிருக்கு, உங்களுக்கு வேற தொந்தரவு எதுவும் இல்லேன்னா, அவசரம் ஒண்ணும் இல்ல. 20 வயசுக்கு முன்னாடி வேகமா நரைச்சா, குடும்பத்துல யாருக்கும் இல்லாம வந்தா, இல்லேன்னா மேலே சொன்ன அறிகுறிகள் கூட இருந்தா போங்க. பெரிய கிளினிக்தான் போகணும்னு இல்ல. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி இடங்கள்ல தோல் நோய்ப் பிரிவு இருக்கு. ரத்த அணுக்கள், பி12, ஃபெரிட்டின், தைராய்டு, இந்த நாலஞ்சு டெஸ்ட்லயே பெரும்பாலும் விஷயம் தெரிஞ்சுடும்.

குறைவு இருந்து அதைச் சரி பண்ணினா, சில பேருக்குப் புதுசா வளர்ற முடி கருப்பா வரலாம். எல்லாருக்கும் வரும்னு உத்தரவாதம் இல்ல. பரம்பரை நரையைத் திருப்புறதுக்கு நிரூபணமான மாத்திரை இன்னைக்கு வரைக்கும் கிடையாது.

பயோட்டின் பற்றி ஒரு வார்த்தை. முடிக்குன்னு கண்ணை மூடிக்கிட்டு வாங்கிப் போடற மாத்திரை அது. நரையைக் கருப்பாக்காது. அதோட, அதிக அளவுல எடுத்தா சில ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பிவிடும், தைராய்டு டெஸ்ட் உட்பட. இல்லாத நோய் இருக்கிற மாதிரி ரிப்போர்ட் வரலாம். டெஸ்ட்டுக்குப் போறப்ப, பயோட்டின் எடுக்கிறேன்னு முன்னாடியே சொல்லிடுங்க.

இப்ப அந்த டை பாக்கெட்

இந்த எபிசோட்ல நீங்க ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் ஃப்ரெண்டுக்கு அனுப்பப் போறீங்கன்னா, இதை அனுப்புங்க.

ரொம்ப நாள் நிக்கிற கருப்பு டைகள்ல பெரும்பாலும் பி.பி.டி.னு ஒரு ரசாயனம் இருக்கும். முழுப் பேர் பாரா ஃபீனிலின் டைஅமின். முடிக்குள்ள போய் வேதிவினை நடந்து கருப்பாகுறது இதாலதான். நிறையப் பேருக்கு இது ஒண்ணும் பண்ணாது. சில பேருக்குக் கடுமையான அலர்ஜி. ஐரோப்பிய ஒன்றியத்துல தலையில படற கலவையில இது 2 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு.

இந்த அலர்ஜியோட குணம் என்னன்னா, போட்ட உடனே தெரியாது. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுத்தான் கிளம்பும். தலையைவிட நெத்தி, கண் இமை, காது, கழுத்துல அதிகமா தெரியும். இமை வீங்கிக் கண்ணைத் திறக்க முடியாது, தோல் சிவந்து நீர் வடியும். இன்னொண்ணு, முதல் தடவை ஒண்ணும் ஆகாம பத்தாவது தடவையில வரலாம். "நான் அஞ்சு வருஷமா போடறேன், எனக்கு ஒண்ணும் ஆனதில்ல"ங்கிறது பாதுகாப்பு இல்ல. ஒரு தடவை வந்துட்டா பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும்.

இப்ப கல்யாண வீட்டு டைம்டேபிளை யோசிங்க. ஞாயித்துக்கிழமை பெண் பார்க்க வர்றாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி முதல் தடவையா டை. ஞாயிறு காலையில முகம் வீங்கி நிக்குது. நாலு வெள்ளை முடியை மறைக்கப் போய் வந்த வினை. நாள் கணக்கு சரியா அலர்ஜியோட நாள் கணக்கோட பொருந்துது, பார்த்தீங்களா?

அதனால பாக்கெட்ல சின்ன எழுத்துல போட்டிருக்கிற பேட்ச் டெஸ்ட்டை நிஜமாவே பண்ணுங்க. காதுக்குப் பின்னாடியோ முழங்கை மடிப்புலயோ கொஞ்சம் தடவி 48 மணி நேரம் காத்திருங்க. அரிப்பு, சிவப்பு, தடிப்பு வந்தா அந்த டை உங்களுக்கு வேண்டாம். பார்லர்ல போட்டாலும் இதே விதிதான். விசேஷத்துக்கு முந்தின வாரம் புது பிராண்டை முயற்சி பண்ணாதீங்க. புருவத்துக்கும் இமை முடிக்கும் தலை டை கூடவே கூடாது.

'ஹெர்பல்', 'அம்மோனியா இல்லாதது'ங்கிற வார்த்தைகளைப் பார்த்து நிம்மதி ஆகிடாதீங்க. அம்மோனியா இல்லேன்னா பி.பி.டி. இல்லேன்னு அர்த்தமில்ல. உள்ளடக்கப் பட்டியலைப் படிங்க. மருதாணியிலயும் ஒரு சூது இருக்கு. நிஜ மருதாணி கருப்பு கொடுக்காது. வெள்ளை முடியில போட்டா ஆரஞ்சு, செம்பழுப்புதான் வரும்; அதுக்கும் சில மணி நேரம் ஆகும். 'கருப்பு மருதாணி'னு வித்து, அரை மணி நேரத்துல கருகருன்னு பிடிச்சா அதுல பி.பி.டி. கலந்திருக்க வாய்ப்பு அதிகம். கடற்கரைச் சுற்றுலா ஊர்கள்ல கையில போட்டுவிடற கருப்பு டாட்டூவுக்கும் இதே எச்சரிக்கை. சின்ன வயசுல அந்த டாட்டூ போட்டு அலர்ஜி தொத்திக்கிட்டு, பல வருஷம் கழிச்சு டை போடறப்ப வெடிக்கிறது டாக்டர்களுக்குப் பழக்கமான கதை.

செடியிலிருந்தே கருமை வேணும்னா வழி இருக்கு. முதல்ல மருதாணி, அலசினதுக்கு அப்புறம் அவுரி இலைப்பொடி. அவுரிதான் இண்டிகோ நீலம் கொடுக்கிற செடி; திண்டிவனம், விழுப்புரம் பக்கம் இன்னைக்கும் பயிராகுது. ஆரஞ்சு மேல நீலம் ஏறி அடர் பழுப்பு, கிட்டத்தட்டக் கருப்பு வரும். நேரம் பிடிக்கும், ஒரே தடவையில அமையாது. வாங்குற பொடியில வேற எதுவும் கலக்கலேன்னு பார்த்துக்கங்க. இதுக்கும் முதல்ல கொஞ்சமா தடவிப் பாருங்க. ஒரு நாள் விசேஷத்துக்கு மட்டும்னா, தண்ணியில கழுவினா போயிடற டச்-அப் பவுடர் மாதிரி மேலாகப் பூசறது போதும்.

டைக்கு அப்புறம் லேசா அரிச்சா உடனே நிறைய தண்ணியில அலசுங்க, மறுபடி போடாதீங்க. முகம் வீங்கினா டாக்டர்கிட்ட போங்க. மூச்சு விட கஷ்டமா இருந்தா வீட்ல உட்கார்ந்து யோசிக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்க. டை பாக்கெட்டைக் குழந்தைங்க கைக்கு எட்டாத இடத்துல வையுங்க. வயித்துக்குள்ள போனா தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும், தசையும் கிட்னியும் கெட்டுப்போகும். அது உயிருக்கே ஆபத்து, ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது.

கடைசியா, வீட்ல இருக்கிற பெரியவங்களுக்கு

டை போடறதும் போடாததும் அவங்கவங்க இஷ்டம். பிடிச்சுப் போடறவங்க பாதுகாப்பா போடுங்க. பிடிக்காதவங்க அப்படியே இருங்க. ஆனா 24 வயசுப் பொண்ணுகிட்டயோ பையன்கிட்டயோ "இந்த நரையோட யார் உன்னைக் கட்டுவாங்க?"ன்னு கேக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணை யோசிங்க. அந்த நரை அவங்க சம்பாதிச்சது இல்ல. பெரும்பாலும் நீங்க கொடுத்தது. உங்க மூக்கு, உங்க சிரிப்பு மாதிரி அதுவும் உங்க வீட்டுச் சொத்துதான்.

வரன் பேசுற இடத்துலயும் அப்படித்தான். கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு மாசத்துலயே வேர்ல ஒரு சென்டிமீட்டர் வெள்ளை தெரியத்தான் போகுது. முதல் சந்திப்புலயே "எனக்குச் சீக்கிரம் நரைச்சிடுச்சு, எங்க அப்பா வழி"ன்னு ஒரு வரி சொல்லிட்டா, அந்த ஒரு சென்டிமீட்டருக்காக ஆயுசு பூரா பயப்பட வேண்டியதில்ல. அதைக் கேட்டுட்டு எழுந்து போறவங்க, போகட்டும்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. வீட்ல யாருக்கு எந்த வயசுல முதல் நரை வந்துச்சுன்னு கேட்டு எழுதி வையுங்க. பாதிக் கேள்விக்குப் பதில் அந்தப் பட்டியல்ல கிடைச்சிடும். களைப்பு, மரத்துப்போறது மாதிரி ஏதாவது இருந்தா, மீதிப் பாதிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை.